ராத்தங்கிய பேரிக்காய்கள்

2007: பறித்தது இல்லை. கரடி 7.
2008: 1,410 கிலோ. கரடி 5.
2011: 4,370 கிலோ. கரடி 3.
2015: 6,440 கிலோ. கரடி 1.
2019: 8,655 கிலோ. கரடி இல்லை.
2020: 7,870 கிலோ. கரடி இல்லை.
2021: 9,485 கிலோ. கரடி இல்லை.
2022, அக்டோபர் 8 வரை: 8,376 கிலோ. கரடி இல்லை.
2022, அக்டோபர் 9: கரடி 1.

இது கனடாவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஆல்டர் க்ரீக் ஊரின் கணக்கு. வீட்டுத் தோட்டங்களில் தின்ன ஆளில்லாமல் மிஞ்சும் பழத்தை எங்கள் குழு பறித்துச் சேர்த்த எடைதான் கிலோவில் இருப்பது. கரடி என்று எழுதியிருப்பவை, அந்தப் பழத்தைத் தேடி மலையிலிருந்து இறங்கி வந்து ஊருக்குள் சுடப்பட்டவை. இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொன்னவள் மார்ஃபா பெரெபெல்கின். ஆண்டு முடிவில் எடையைப் பார்த்து நாங்கள் எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருப்போம். அவள் வரியின் கடைசியைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பழம் எவ்வளவு வந்தாலும் வரட்டும், பழத்தால் ஒரு கரடி சாகக் கூடாது என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

மார்ஃபா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். 2022இல் வயது ஐம்பத்தெட்டு. ஏரிக்கரைச் சாலையில் இருபத்தாறு வருடமாக அதே தடம். குட்டையான உருவம் என்பதால் இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்டுவாள். பிள்ளைகள் உள்ளே சண்டை போட்டால் திட்டமாட்டாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி இருப்பாள். இரண்டு நிமிடத்தில் உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். கணவன் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “அவருக்கு அங்க நல்ல சம்பளம்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவளுடையது டூக்கபோர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம். ரஷ்யாவில் தங்கள் துப்பாக்கிகளையெல்லாம் குவித்துத் தீ வைத்துவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் வழி. இறைச்சி தொடமாட்டார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பழமரங்கள் அவர்கள் நட்டவை. மார்ஃபா அவர்களுடைய பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அதிகம் போகிறவளல்ல, ஆனால் அவள் வீட்டில் போர்ஷ் சூப்பும், முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட பிராகியும் எந்த நாளும் இருக்கும்.

2007 செப்டம்பரில் அவள் தாய் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலிருந்த மருத்துவமனையில் கிடந்தாள். காலையில் பேருந்து, மாலையில் பேருந்து, இடையில் மருத்துவமனை. பின்கட்டில் இருந்த பிளம் மரத்தை அந்த வருடம் யாரும் தொடவில்லை. பழம் மரத்திலேயே வெடித்துத் தரையெல்லாம் கசிந்து கிடந்தது. ஒருநாள் காலைத் தடம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அந்த மரத்தடியிலிருந்து ஒரு தாய்க் கரடியையும் குட்டியையும் வனவிலங்கு அதிகாரிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் செத்திருந்தன. குட்டியின் வாயில் பிளம் கொட்டை இருந்தது. “பழத்தைப் பறிச்சிருந்தா இதுங்க இங்க வந்திருக்காதும்மா” என்றார் அதிகாரி.

அடுத்த வசந்தத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். மரம் உங்களுடையது, ஏணி எங்களுடையது, பழத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு பறிக்கிறவர்களுக்கு, ஒரு பங்கு உணவு வங்கிக்கு என்று ஒப்பந்தம் பேசினாள். எதிர்வீட்டுக்காரனான என்னிடமும் வந்தாள். நான் மர ஆலையில் கட்டை அளந்து ஓய்வு பெற்றவன், முழங்கால் சரியில்லை, ஏணி ஏறமாட்டேன் என்றேன்.

“ஏணி ஏறச் சொன்னேனா பெரியவரே? மரத்தையே அளந்தவருக்கு அதோட பழத்தை அளக்கத் தெரியாதா?” என்றாள். தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பலருக்குத் தங்கள் பழத்தைக் கொடுக்கக் கூச்சம். புழு விழுந்த ஆப்பிளைப் பசித்தவர்களுக்குக் கொடுப்பதா என்பார்கள். மார்ஃபா ஒரு பழத்தைப் பிளந்து காட்டி, “புழு மோசமான பழத்துக்குள்ள போகாதுங்க. இது உங்க மரத்துக்கு அது கொடுத்த சர்டிபிகேட்” என்பாள். கெட்ட இடத்தை நறுக்கி எறிந்துவிட்டு மீதியை அவளே தின்பாள். அதற்குப் பிறகு யாரும் மறுப்பதில்லை.

அவள் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. பழம் ராத்தங்கக் கூடாது. பறித்தது அன்று மாலைக்குள் உணவு வங்கியின் குளிர் அறைக்குப் போய்விட வேண்டும். தரையில் உதிர்ந்ததையும் பொறுக்கிவிட வேண்டும். உதிர்ந்த பழம் மனிதர்களுக்கு ஆகாது, அதைப் பன்றிப் பண்ணைக்காரர் வந்து எடுத்துப்போவார். மரத்தில் விட்டாலும், தரையில் விட்டாலும், யார் வீட்டு வாசலில் வைத்தாலும் கரடிக்கு எல்லாம் ஒன்றுதான்.

இதோடு, குளிர்ப்பெட்டியில் ஒட்டும் காந்தத் தகடு நானூறு அச்சடித்து ஊரெங்கும் கொடுத்தாள். கரடியைக் கண்டால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. எண்ணுக்குக் கீழே, சீக்கிரம் கூப்பிட்டால் கரடி பிழைக்கும் என்று ஒரு வரி. அதிகாரிகளின் கூட்டத்தில் கேட்டு எழுதிவந்த வரி. அதை அவள் முழுதாக நம்பினாள். நாங்களும் நம்பினோம்.

2022 அக்டோபர் 8 சனிக்கிழமை. நன்றித் திருநாளுக்காகத் திங்கள்வரை விடுமுறையான நீண்ட வார இறுதி. பறிக்க வேண்டிய மரங்களில் பெரியதாக ஒன்றுதான் மிச்சம், நெவில் பிராட்ஹர்ஸ்ட் வீட்டுப் பேரிமரம். நெவில் எண்பத்தொரு வயது முன்னாள் தபால்காரர், மார்ஃபாவுக்கு வேலி அடுத்த வீடு. அன்று மாலை மகள் வந்து அவரைக் கால்கரிக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. குளிர்காலம் முடிந்துதான் திரும்புவார்.

“இன்னைக்கே முடிச்சிடு பொண்ணே. நான் போனப்புறம் பழத்தோட நின்னா, கரடி வந்து வீட்டையே தன் பேருக்கு எழுதி வாங்கிக்கும்” என்றார்.

ஆறு பேர் பறித்தோம். பேரிக்காய் மரத்தில் பழுக்காது. கல்லாக இருக்கும்போதே பறித்துப் பெட்டியில் பழுக்கவைக்க வேண்டும். விடுமுறை என்று, பறித்தவர்களும் தங்கள் பங்கை உணவு வங்கிக்கே விட்டார்கள். பதினான்கு பெட்டிகள் சேர்ந்தன. உதிர்ந்தவை தனியாக இரண்டு சாக்கு. அவை பழுப்பேறி, கள் வாடை அடித்தன. நெவில் தன் பங்கை மகளின் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மார்ஃபா உணவு வங்கியை நடத்தும் டொலோரஸைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். டொலோரஸ் குளிர் அறைச் சாவியோடு வெளியூரில், கெலோனாவில் அக்கா வீட்டில் இருந்தாள். விடுமுறை என்பதை மார்ஃபா மறந்திருக்கவில்லை. சனிக்கிழமை மாலைவரை டொலோரஸ் ஊரில் இருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

“ஏண்டி, வான்கோழி விருந்துக்கு உட்காரப் போறேன், இப்ப வந்து பேரிக்காய்ங்கறே. செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்து நிக்கறேன், போதுமா?” என்றாளாம் டொலோரஸ். பன்றிப் பண்ணையில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

எங்கே வைப்பது? என் கார் நிறுத்துமிடத்துக்குக் கதவு கிடையாது. மார்ஃபாவின் பின்கட்டுக் கொட்டகை பலகை அடித்தது, ஒரு கரடி தோள் கொடுத்தால் போய்விடும். அவள் வீட்டு வாசலில் மஞ்சள் பேருந்து நின்றிருந்தது. எங்கள் ஊரில் ஓட்டுநர்கள் வண்டியை வீட்டிலேயே நிறுத்துவது வழக்கம்.

“முழுக்க இரும்பு. என் அனுமதியில்லாம இதுல எவனும் ஏறினதில்லை” என்றாள் மார்ஃபா.

எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றி, பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளில் வரிசையாக வைத்தோம். யாரோ, பெல்ட் போட்டுவிடு என்றார்கள். இரண்டு சாக்கையும் கடைசி இருக்கைக்குக் கீழே தள்ளினோம். அதை மறுநாள் காலை அவளே பன்றிப் பண்ணையில் கொண்டுபோய்ப் போடுவதாகச் சொன்னாள். இறங்கும்போது, செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் ஏறும்போது வாடை இருக்கக் கூடாதே என்று ஓட்டுநர் பக்கத்து ஜன்னலைக் கையகலம் திறந்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பதுக்கு ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, நின்று, சின்னதாக இரண்டு. பன்றிப் பண்ணைக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மார்ஃபாவும் அதே நேரத்தில் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் காப்பிக் கோப்பை இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு பேருந்தைப் பார்த்தோம்.

ஓட்டுநர் இருக்கையில், அவளுடைய மெத்தையின்மேல், ஒரு கருங்கரடி உட்கார்ந்திருந்தது. மார்பு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது. அசையும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. மடிப்புக் கதவை வெளியிலிருந்து முட்டித் தள்ளி உள்ளே போயிருக்கிறது. கதவு பின்னாலேயே மடங்கி மூடிக்கொண்டது. உள்ளிருந்து அதை இழுத்துத் திறக்கக் கரடிக்குத் தெரியவில்லை.

தெருவே வெளியே வந்துவிட்டது. சிலர் பைஜாமாவில் வந்தார்கள். மார்ஃபாவின் தடத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், “மிஸ், உங்க லீவுக்குப் புது டிரைவர் வந்துட்டாங்க” என்றாள். எல்லாரும் சிரித்தோம். மார்ஃபாவும் சிரித்தாள். கரடி ஒரு பேரிக்காயை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்து, எங்களைப் பார்த்தது. அப்போது பார்க்க அது கரடியாகவே இல்லை, பசியோடு வேலைக்கு நடுவில் சாப்பிடும் ஒரு ஆளைப்போல் இருந்தது.

உடனே அவள் உள்ளே போய், தன் குளிர்ப்பெட்டியில் தானே ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து, அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னதை அப்படியே செய்தாள். மயக்க ஊசி போட்டு மலைக்குத் தூக்கிப்போவார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கிட்டே போகாமல் என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் நடுவயது, மற்றவர் இளைஞர். நடுவயதுக்காரர் பேருந்தை ஒருமுறை சுற்றி வந்தார். ஜன்னல் வழியாகப் பெட்டிகளைப் பார்த்தார். வண்டிக்குத் திரும்பிப் போய் எடுத்தது நீளத் துப்பாக்கி.

“அது ஊசி போடறதுதானே?” என்று கேட்டாள் மார்ஃபா.

“இல்லம்மா.”

“மயக்கித்தானே கொண்டுபோவீங்க?”

“பள்ளிக்கூட வண்டிம்மா இது. உள்ள பூந்து வயிறு நிறையத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கு. எங்க கொண்டுபோய் விட்டாலும் மஞ்ச பஸ்ஸைத் தேடித்தான் வரும். அடுத்த தடவை உள்ள பிள்ளைங்க இருக்கும்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

மார்ஃபா பேருந்தின் பின்பக்கம் நடந்தாள். அங்கே அவசரக் கதவு இருக்கிறது. அதன் கைப்பிடியைத் தூக்கினால் போதும், பின்னால் வேலியில்லாத காட்டுச் சரிவு. கைப்பிடியில் கை வைத்துவிட்டாள். எல்லாரும் அதைப் பார்த்தோம்.

“திறங்க. நான் தடுக்கமாட்டேன். ஆனா அது வெளிய காலை வெச்சதும் சுடுவேன். இத்தனை பேரு நிக்கற எடத்துல சுடணும். யோசிச்சுக்கோங்க” என்றார் அதிகாரி.

மார்ஃபா திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். கரடி ஹாரனை ஒருமுறை அடித்தது. அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போங்கள் என்று யாரோ சொன்னார்கள். சிலரைத்தான் கூட்டிப்போக முடிந்தது. அதிகாரி ஓட்டுநர் பக்கம் போய், கையகலம் திறந்திருந்த ஜன்னல் வழியாக முனையை வைத்தார். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

கரடி முன்னால் சரிந்தது. அதன் கனம் முழுதும் ஸ்டியரிங்கின்மேல் விழுந்தது. ஹாரன் அடிக்கத் தொடங்கி நிற்கவில்லை.

அந்தச் சத்தம் ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். இளைய அதிகாரி கதவைத் தள்ளிப் பார்த்தார், உள்ளே சரிந்துகிடந்த பெட்டிகள் தடுத்தன. எதை நிறுத்தினால் அது நிற்கும் என்று அங்கே தெரிந்தவள் ஒருத்திதான். மார்ஃபா பேருந்தின் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்து, பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கி, சுவிட்சைத் திருப்பினாள். சத்தம் நின்றது. அவள் அப்படியே குனிந்தபடி இருந்தாள். நான்தான் போய்த் தோளைத் தொட்டு எழுப்பினேன். “எர்னி” என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

பெண் கரடி. ஆறோ ஏழோ வயது. நல்ல உடம்பு, குட்டி இல்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள்.

பேருந்தை அவளே கழுவினாள். பள்ளி நிர்வாகம் வண்டியில் சரக்கு ஏற்றியதற்காக ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னது. நியாயம்தான் என்றாள். அந்த மாதம் முழுதும் ஊர் அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சூப் கொண்டுவந்தார்கள், கேக் கொண்டுவந்தார்கள். உன் தப்பு இல்லை, விடுமுறை தப்பு, சாவி தப்பு, கரடியின் தலையெழுத்து என்றார்கள். அவள் தலையாட்டிப் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். டொலோரஸ் மட்டும் வந்து உட்கார்ந்து, “நான் ஒருநாள் லேட்டா கிளம்பியிருந்தா என்னடி” என்று அழுதாள். அவளையும் மார்ஃபாதான் தேற்றி அனுப்பினாள்.

நவம்பர் முதல் வாரத்தில் எங்களிடம் பதிந்திருந்த நாற்பத்தொரு மரக்காரர்களுக்கும் அவள் ஒரு கடிதம் எழுதினாள். பிரதி என்னிடம் இருக்கிறது.

“அக்டோபர் 9 அன்று ஒரு கரடி சுடப்பட்டது. நான் பறித்த பழத்தை நான் ஒரு இரவு பேருந்தில் வைத்ததால் அது வந்தது. நான் கூப்பிட்டதால் அது சுடப்பட்டது. இது வேறு யார் தவறும் அல்ல, என் தவறு. பறிக்காமல் நிற்கும் ஒவ்வொரு பழமரமும் ஒரு கரடியைக் கொல்லும் என்று உங்களுக்குப் பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தேன். அது இன்றும் உண்மை. அடுத்த வருடம் உங்கள் மரத்தைப் பறிக்க எங்களை விடுவீர்களா, இல்லையா என்று எழுதுங்கள். தபால் தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன்.”

இவ்வளவு வேண்டுமா, அதுவும் இந்தக் கரடியைக் கொல்லும் வரி வேண்டுமா என்று கேட்டேன்.

“நடந்ததைத்தானே எழுதியிருக்கேன், பெரியவரே” என்றாள். உறைகளில் தபால் தலை ஒட்ட உட்கார்ந்தேன்.

முதலில் வந்த பதில்கள் எல்லாம் வாருங்கள் என்றுதான் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வந்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நவம்பர் பாதியில் டக் ஃபெர்ரியரும் அவர் மனைவி ஐரீனும் பதிலை நேரில் கொண்டுவந்தார்கள். வண்டியின் பின்பக்கத்தில் புதிதாகப் பிளந்த விறகு இருந்தது. ஆப்பிள் விறகு. அதில் மூன்றில் ஒரு பங்கை எண்ணி இறக்கி மார்ஃபாவின் சுவரோரம் அடுக்கத் தொடங்கினார் டக்.

“என்ன டக் இது?” என்றாள் மார்ஃபா.

“உன் பங்கு. முறைன்னா முறைதான்.”

“எந்த மரம்?”

“எங்க மரம்தான். ரெண்டும். லெட்டரைப் படிச்சதுலேர்ந்து ஐரீனுக்குத் தூக்கமே இல்லை. நம்ம வீட்டு மரத்தால ஒரு உசிரு போகக் கூடாதுன்னு சொல்லிட்டா.”

ஐரீன் மார்ஃபாவைக் கட்டிக்கொண்டு, நீதான் எங்கள் கண்ணைத் திறந்தாய் என்றாள். மார்ஃபாவின் கை இரண்டும் பக்கத்தில் தொங்கியபடி இருந்தன. அவர்கள் போன பிறகு அந்த விறகின் எதிரில் நின்று, “பறிக்கச் சொல்லித்தானே எழுதினேன்” என்றாள். “வெட்டச் சொல்லி எங்க எழுதினேன்?”

பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று இடங்களில் ரம்பச் சத்தம் கேட்டது. கேட்ட திசையைப் பார்த்து அவள் ஓடுவாள், நானும் நொண்டிக்கொண்டு பின்னால் போவேன். பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேரும்போது மரம் கிடக்கும். ஒருவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு அவளுக்கு நன்றி சொன்னார். ஊர்க் கவுன்சில் வெட்டிய கிளைகளை இலவசமாக அள்ளிப்போக வண்டி விட்டது, அதுவும் கரடிகளைக் காப்பாற்றத்தான். ஒரு வீட்டில் கெஞ்சிப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரர் அவள் கடிதத்தையே எடுத்துவந்து அந்த வரியை வாசித்துக் காட்டினார். டிசம்பர் முடிவதற்குள் பதினேழு மரம் போயிற்று. அவற்றில் ஆறு, டூக்கபோர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த காலத்தில் நட்டவை.

ஜனவரியில் டொலோரஸ் குழுவைக் கூட்டினாள். அடுத்த இலையுதிர் காலத்தில் குளிர் அறை பாதி காலியாக இருக்கும், வாரம் நூற்றிருபது குடும்பம் வருகிறது, என்ன செய்வது என்றாள். எல்லாரும் மார்ஃபாவைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து சொன்னது சுருக்கம். நாற்பது பதில் வந்துவிட்டது, நெவிலின் பதில் மட்டும் வரவில்லை. கரடி தின்றது அவர் மரத்துக் காய். அவர் வெட்டுகிறேன் என்று சொன்னால், தான் ஏணியைத் தொடப்போவதில்லை. தான் பறித்தாலும் கரடி சாகிறது, எழுதினாலும் மரம் சாகிறது, இனி கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்றாள்.

“அந்தக் கிழவர் என்ன உனக்கு நீதிபதியாடி?” என்றாள் டொலோரஸ்.

“யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல” என்றாள் மார்ஃபா.

கால்கரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. நெவிலின் மகளைத் தொலைபேசியில் கேட்கலாம் என்றேன், வேண்டாம் என்றாள். பிப்ரவரி போயிற்று. காலைத் தடம் முடிந்ததும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். வேலிக்கு அந்தப் பக்கம் பேரிமரம் பனியில் கறுப்பாக நின்றது. ஒருநாள் பார்த்தால், யாரோ அறிமுகமில்லாத ஆள் அதன் அடிமரத்தைக் கயிறு வைத்து அளந்துகொண்டிருந்தான். மார்ஃபா ஜன்னலோடு நின்றாள், வெளியே போகவில்லை. அவன் அளந்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதே குறைந்துவிட்டது.

உறை வந்த அன்று என்னைக் கூப்பிட்டாள். நடுங்கும் தபால்காரக் கையெழுத்து. நீங்கள் பிரியுங்கள் என்று என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன்.

“மார்ஃபாவுக்கு. என் பேரிக்காயை வைத்து ஒரு கரடியைக் கொன்றுவிட்டாய். சனிக்கிழமை சாவி இருக்குமா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நீ கேட்கவில்லை. அவசரப்படுத்திய நானும் கேட்கவில்லை. இங்கே கொண்டுவந்த பெட்டியை என்னால் தின்ன முடியவில்லை, மகள் வெளியே போட்டுவிட்டாள். மரத்தை வெட்டலாமென்று ஒருவனை அனுப்பி விலை கேட்டேன். பிறகு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நீ செய்ததற்கு மரம் ஏன் சாக வேண்டும்? அக்டோபரில் நீ வருகிறாய். ஒரு காய் விடாமல் பறிக்கிறாய். அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறாய். வேறு யாரையும் அந்த ஏணியில் ஏற்றமாட்டேன். நெவில்.”

அவள் கடிதத்தை வாங்கி மறுபடி தானே வாசித்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து மாதமாக ஊரில் ஒருவரும் அவளைத் திட்டியதில்லை. பிறகு, பழம் பறிக்கும் மூன்று கால் ஏணியின் ஒரு கால் ஆடுகிறது, அக்டோபருக்குள் சரி செய்ய வேண்டும் என்றாள்.

நாற்பத்தொன்றில் கடைசியான அந்தக் கடிதம் வந்தது 2023 மார்ச் 20, திங்கட்கிழமை.